பேரன் வெளிநாட்டுப் பிரஜை: பாட்டி ஊருக்கு வருவது எப்படி?

தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பிரஜா உரிமை உண்டா?

இப்படி ஒரு விசித்திர வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. பிறகு டெல்லியில் உள்ள சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி முடிவான தீர்ப்பு கிடைத்தது.

வெளிநாட்டில் பிள்ளை பெறும் குடும்பங்கள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது.

ஏழரை மாதக் கரு

கணவனும் மனைவியும் இந்தியாவில் பிறந்தவர்கள். சிங்கப்பூரில் குடியேறினார்கள். 1998-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இருவரும் சிங்கப்பூர் பிரஜைகள் ஆனார்கள். அப்போது மனைவி ஏழரை மாதக் கர்ப்பிணி!

1999 மார்ச் மாதம் ஆண் குழந்தை பிறந்தது. அதுவும் சிங்கப்பூர் பிரஜை.

பையன் வளர்ந்தான். 18 வயது ஆனதும், 2017-ல், இந்திய சர்க்காருக்கு ஒரு மனுப் போட்டான். தான் கருவில் உருவானபோது பெற்றோர் இந்தியப் பிரஜைகள். ஆகவே தனக்கும் இந்தியப் பிரஜா உரிமை வேண்டும் என்று கேட்டான். சர்க்கார் மறுத்தது. வழக்குப் பிறந்தது.

2022-ல் சென்னை ஐகோர்ட்டு இளைஞருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சர்க்கார் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே தீர்ப்பு தலைகீழாக மாறியது!

காரணம் என்ன?

பிரஜா உரிமையை இழப்பதில் இரண்டு வகை உண்டு. “எனக்கு வேண்டாம்” என்று எழுதிக்கொடுத்து விடுவது ஒன்று. இது 8-வது பிரிவு. இன்னொரு நாட்டுப் பிரஜை ஆனதும் தானாகவே போய்விடுவது மற்றொன்று. இது 9-வது பிரிவு.

எழுதிக்கொடுத்து விட்டவர்களின் பிள்ளைகள், 18 வயது நிரம்பி ஓர் ஆண்டுக்குள் உரிமையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்தப் பெற்றோருக்கு உரிமை தானாகவே போய்விட்டது. ஆகவே மகன் அந்த வழியில் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஒரு காகிதம்! அதை எழுதினார்களா, இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் வழக்கே நின்றது.

சுந்தரபாண்டியத்திலும் இதே பேச்சு

இது யாரோ பெரிய மனிதர் வீட்டு விவகாரம் என்று நினைக்கவேண்டாம்.

வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியம் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல், தென்னந்தோப்பு. மேற்கே மலை. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கிருஷ்ணன்கோவில். அங்கே 1984-ல் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வேலை தேடிக் கடல் கடந்தவர்களும் உண்டு.

சுந்தரபாண்டியத்தில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகனும் மருமகளும் அமெரிக்காவில். அங்கே பேரன் பிறந்துவிட்டான். முதல் மொட்டை ஊரில் போடவேண்டும் என்பது பாட்டியின் ஆசை.

மகனிடம் இந்தியப் பாஸ்போர்ட்டு. மருமகளிடமும் அதுவே. பேரனிடம்?

அமெரிக்கப் பாஸ்போர்ட்டு! அவன் இந்தியாவுக்கு வர விசா வேண்டும். பெற்றோர் விமானத்தில் ஏறலாம். விசா இல்லாத கைக்குழந்தை ஏற முடியாது!

பிறந்த மண்ணா, பெற்றவர் நாடா?

அமெரிக்க மண்ணில் பிறந்தால் அமெரிக்கப் பிரஜை. 1868-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் செய்த 14-வது திருத்தம் இதற்கு அடிப்படை. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் இதற்கு வரம்பு கட்டி உத்தரவு போட்டார். உடனே அது கோர்ட்டுக்குப் போனது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 1983 முதல், தாய் தந்தையரில் ஒருவராவது அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்றவராகவோ இருக்கவேண்டும். துபாயிலும் குவைத்திலும் இந்தியருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்நாட்டுப் பிரஜா உரிமை கிடைக்காது. அது இந்தியப் பிரஜையாகவே பதிவாகிறது.

பெற்றோர் இந்தியப் பிரஜைகளாக இருந்தால், வெளிநாட்டில் பிறந்த குழந்தையையும் இந்தியப் பிரஜை ஆக்கலாம். 2004 டிசம்பர் 3-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு இரண்டு நிபந்தனைகள்:

ஒன்று: பிறந்த ஓர் ஆண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும். காலம் தப்பினால் மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும்.

இரண்டு: குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டு இல்லை என்று பெற்றோர் உறுதி சொல்லவேண்டும்.

இங்கேதான் சிக்கல். அமெரிக்கப் பிரஜை, அமெரிக்கப் பாஸ்போர்ட்டுடன்தான் அந்நாட்டுக்குள் நுழையவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆகவே அங்கே வாழும் பெற்றோர் பலர் பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டையே எடுக்கிறார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள இந்தியா இடம் தராது.

ஓ.சி.ஐ. அட்டை

இவர்களுக்காக வந்ததுதான் ஓ.சி.ஐ. அட்டை. “வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்” என்பது இதன் பெயர். 2005-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2006 ஜனவரியில் ஐதராபாத்தில் பிரதமர் மன்மோகன் சிங் முதல் அட்டைகளை வழங்கினார். முன்பு பி.ஐ.ஓ. அட்டை என்று வேறொன்றும் இருந்தது. 2015 ஜனவரியில் அது இதனுடன் சேர்ந்துவிட்டது.

பெயரில் “குடிமகன்” என்று இருக்கிறது. ஆனால் இது பிரஜா உரிமை அல்ல! வாழ்நாள் முழுவதற்குமான விசா என்று சொல்லலாம்.

கிடைப்பது என்ன? எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டியதில்லை. வீடு வாங்கலாம்.

கிடைக்காதது என்ன? ஓட்டு இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. சர்க்கார் உத்தியோகம் இல்லை. வயலும் தோப்பும் விலைக்கு வாங்க முடியாது!

“அப்படியானால் தாத்தாவின் நிலம் பேரனுக்கு வராதா?” என்று பதற வேண்டாம். விலைக்கு வாங்கத்தான் தடை. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை.

யாருக்குக் கிடைக்கும்?

தாய் தந்தையரில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருந்தாலே போதும். குழந்தைக்கு மனுச் செய்யலாம். பெற்றோர் வெளிநாட்டுப் பிரஜை ஆகிவிட்டாலும், முன்பு இந்தியப் பிரஜையாக இருந்தவரின் பிள்ளைக்கும் பேரனுக்கும் உண்டு. கொள்ளுப்பேரனுக்கும் உண்டு. ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி ஆகியோரில் ஒருவர் பாகிஸ்தான் அல்லது வங்காளதேசப் பிரஜையாக இருந்தாலும் கிடைக்காது.

தமிழர் பலர் வாழும் மொரீஷியஸ் தீவுக்குத் தனிச் சலுகை உண்டு. அங்கே ஏழாவது தலைமுறைக்கும் அட்டை தருவதாக ஜனாதிபதி திரௌபதி முர்மு 2024 மார்ச் மாதம் அறிவித்தார்.

என்னென்ன காகிதம்?

மனுவை இன்டர்நெட்டில் பூர்த்தி செய்யவேண்டும். சேர்க்கவேண்டியவை:

1. குழந்தையின் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டு.
2. பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ்.
3. பெற்றோரின் பாஸ்போர்ட்டுகள்.
4. பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ்.
5. குழந்தையின் சதுரப் படம். முகம் நேராக, கண் திறந்து இருக்கவேண்டும்.

கைக்குழந்தை கையெழுத்துப் போடாது. அதற்குப் பதில் பெருவிரல் ரேகை. மனுவில் தாய், தந்தை இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர். விசாவில் குழந்தை இந்தியா வந்திருந்தால் இங்கேயும் மனுச் செய்யலாம். அப்போது ரூ.15 ஆயிரம். தமிழ்நாட்டவருக்குச் சென்னையில் உள்ள வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம்.

மாலை மாற்றினால் போதாது

ஆண்டாள் சந்நிதியில் மாலை மாற்றி, ஊர் கூடிச் சாப்பிட்ட கல்யாணமாக இருக்கலாம். பத்திரிகையும் போட்டோவும் பெட்டி நிறைய இருக்கலாம். அதிகாரி கேட்பது பதிவுச் சான்றிதழ்!

தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்யவேண்டும். 90 நாட்களுக்குள் செய்வது நல்லது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் விமானம் ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

இன்னொரு தொல்லை, இனிஷியல்! நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போதும். அமெரிக்காவில் குடும்பப் பெயர் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடும். முதல் பெயருக்குரிய இடத்தில் “எப்.என்.யூ.” என்று மூன்று எழுத்து விழும். “முதல் பெயர் தெரியவில்லை” என்பது அதன் அர்த்தம்!

அப்பா பெயர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால் மனு நின்றுவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து எழுதவேண்டும்.

அட்டை வந்த பிறகு

அமெரிக்காவில் 16 வயதுக்குள் எடுக்கும் பாஸ்போர்ட்டு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஓ.சி.ஐ. அட்டையை மாற்றவேண்டியதில்லை. 2021-ல் விதியை எளிதாக்கினார்கள். புதுப் பாஸ்போர்ட்டின் பிரதியையும் படத்தையும் 3 மாதத்துக்குள் இன்டர்நெட்டில் ஏற்றினால் போதும். 20 வயது நிரம்பிய பிறகு புதுப் பாஸ்போர்ட்டு எடுக்கும்போது ஒரு தடவை மட்டும் அட்டையை மாற்றவேண்டும்.

அட்டை கைக்குக் கிடைக்கப் பல வாரம் ஆகலாம். ஆகவே பயணத்துக்கு நாள் குறித்த பிறகு மனுச் செய்வது ஆபத்து. ஊரில் பெரியவர்கள் உடம்புக்கு முடியாமல் இருந்தால், அட்டைக்குக் காத்திராமல் குழந்தைக்கு விசா எடுத்துக்கொண்டு புறப்படுவதே மேல்.

பையன் பெரியவன் ஆனால்?

ஒரு நாள் பேரன், “நான் இந்தியப் பிரஜை ஆகவேண்டும்” என்று சொல்லக்கூடும். அதற்கும் வழி இருக்கிறது. ஓ.சி.ஐ. பதிவு பெற்று 5 ஆண்டு ஆகியிருக்கவேண்டும். மனுச் செய்வதற்கு முன் 12 மாதம் இந்தியாவில் குடியிருக்கவேண்டும். மற்ற நாட்டுப் பிரஜா உரிமையை விட்டுவிடவேண்டும்.

அந்த முடிவைப் பேரன் வயது வந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். பிறப்பைப் பதிவு செய்வதும், பெயரைச் சரியாக எழுதுவதும், கல்யாணச் சான்றிதழைப் பத்திரமாக வைப்பதும் இன்றைக்குப் பெற்றோரின் வேலை. சர்க்கார் விதிகள் அவ்வப்போது மாறும். மனுப் போடும் முன் தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.