பின்னச்சுப் புராணம் – 12: முப்பத்தெட்டு வகுத்தல் ஒன்பது

போன வாரத்தை மறுபடி சொல்ல இடமில்லை. ஹட்டன் வாசகர், 948 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 1098 போட்ட அவருடைய மோரிஸ் மைனர், ஊளையிடும் பின்னச்சு. இவ்வளவு நினைவிருந்தால் போதும். பல்விகிதம் மாறினால் ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும் என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். பழைய பல் எண்ணிக்கைப் பட்டியல் ஒன்று கையில் சிக்கி, வாரம் முழுவதையும் தின்றுவிட்டது.

பட்டியலை நீங்களும் பாருங்கள். 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான முதல் மைனரின் பின்னச்சில், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், புரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுழன்று அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் 9. வகுத்தால் 4.555. ஆஸ்டினும் மோரிஸும் 1952-ல் ஒரே கம்பெனியாகி, ஆஸ்டின் ஏ30-ன் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. வெறும் 30 குதிரைத்திறன். பாவம், அதற்கு ஈடுகொடுக்க 43-க்கு 8 வரை போனார்கள், அதாவது 5.375. 1956-ல் 948 சிசி வந்ததும் திரும்ப 41-க்கு 9. 1962-ல் 1098 சிசி, 48 குதிரைத்திறன், 38-க்கு 9. இதே குடும்பத்து அச்சைப் போட்டுக்கொண்ட ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம்.ஜி. மிட்ஜெட் வண்டிகளில் பிற்காலத்தில் 39-க்கு 10, அதற்கும் பிறகு 41-க்கு 11. பெரிய அண்ணன்மார்களில் எம்.ஜி.ஏ. 43-க்கு 10, எம்.ஜி.பி. 43-க்கு 11.

ஏன் ஒருவர்கூட 40-க்கு 10 என்று வைக்கவில்லை? கணக்குக்கு எவ்வளவு வசதி, சரியாக நான்கு! ஆனால் அப்படி வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலில் குறிப்பிட்ட நான்கு பற்களை மட்டுமே வண்டியின் ஆயுள் முழுக்கச் சந்திக்கும். ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தால் அதே நான்கு பற்களைத்தான் அது திரும்பத் திரும்பத் தேய்க்கும். 38-க்கும் 9-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. அதனால் 9 பல்லில் ஒவ்வொன்றும் 38 பல்லையும் முறைவைத்துச் சந்தித்தாக வேண்டும். மொத்தம் 342 ஜோடி. எல்லா ஜோடியும் ஒருமுறை சந்தித்து முடிய பினியன் 38 சுற்று, கிரவுன் வீல் 9 சுற்று. மைனரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் உருளும் என்று வைத்தால், சுமார் 16 மீட்டரில் 342 சந்திப்பும் முடிந்துவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது.

நம் பஞ்சாங்கத்தில் இருப்பதும் இந்தக் கணக்குதான். வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு, சனிக்குச் சுமார் 30. இரண்டும் ஆறால் வகுபடுவதால் அறுபதே ஆண்டில் பழைய இடத்தில் கூடிவிடுகின்றன. பிரபவ திரும்ப வந்துவிடுகிறது. சனியின் சுற்று 29 ஆண்டாக இருந்திருந்தால் 348 ஆண்டு காத்திருக்க வேண்டும். அத்தனை வருடங்களுக்கும் பெயர் வைத்து நம் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். பல்சக்கரம் வெட்டுபவருக்கு வேண்டியது அந்த 348-தான். பழைய ஜோடி எவ்வளவு தாமதமாகத் திரும்பக் கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

எல்லோரும் இந்த விதியைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க ஃபோர்டின் புகழ்பெற்ற ஒன்பது அங்குல அச்சில் 39-க்கு 13, சரியாக மூன்று என்று ஒரு ஜோடி உண்டு. அதில் எந்தப் பல் எந்தப் பல்லோடு கடிக்க வேண்டும் என்று பெயின்ட்டால் அடையாளமே போட்டிருப்பார்கள். கழற்றி மாட்டும்போது அடையாளம் தப்பினால் சத்தம்தான்.

சரி, ஹட்டனுக்கு வருவோம். அன்பருடைய அச்சுக்குள் என்ன இருக்கிறது? மைனர் அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், புத்தகத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். திறக்காமலே எண்ணலாம். முன்சக்கரங்களுக்கு நன்றாக அடைகல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும் என்பதால் அது இங்கே உதவாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு. மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று. ஆகவே 18 முறை சக்கரத்தைச் சுற்றுங்கள். ஷாஃப்ட் 38 சுற்றிக் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால் 4.222. 41 சுற்றி அதே இடத்தில் நின்றால் 4.555. முப்பத்தைந்தைத் தாண்டி ஒரு நூல் நகர்ந்திருந்தால் 3.9. முப்பத்து மூன்றரை என்றால் மிட்ஜெட்டின் 3.727. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருடையது 41 என்று வந்தால், அதாவது 948-ன் அச்சு அப்படியே இருந்தால், எதை வாங்குவது? அவருடைய கொழும்பு நண்பர்கள் 3.727 என்கிறார்களாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் 4.555 என்றால் எஞ்சின் சுமார் 3375 சுற்று, 4.222 என்றால் 3125, 3.9 என்றால் 2890, 3.727 என்றால் 2760. காதுக்கு 3.727 சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1098 எஞ்சினின் முறுக்குவிசை 948-ஐவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். அதைப் பல்விகிதத்தோடு பெருக்கிப் பாருங்கள். 4.222 போட்டால் சக்கரத்தில் இழுவை பழைய வண்டியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 3.9 போட்டால் கிட்டத்தட்டப் பழைய இழுவையேதான். 3.727 போட்டால் பழையதைவிடச் சற்றே குறைவு. அவிசாவளை தாண்டி, கித்துல்கலயிலிருந்து கினிகத்தேனை ஏறி, 1200 மீட்டருக்கு மேலே இருக்கும் வீட்டுக்குப் போகிறவர் எஞ்சினை மாற்றியும் ஏற்றத்தில் பின்தங்கினால் என்ன புண்ணியம்? யாழ்ப்பாணத்துச் சமதரை என்றால் யோசிக்காமல் 3.9 என்பேன். 3.727 என்பது 1275 சிசி எஞ்சின்காரர்களுக்கு. ஹட்டனுக்கு 4.222. கம்பெனியே 1098-க்குக் கொடுத்தது அதைத்தான்.

மாற்றுவதும் இந்த அச்சில் எளிது. இரண்டு பக்க ஷாஃப்டையும் வெளியே இழுத்துவிட்டால் டிஃபரன்ஷியல் ஒரே உருப்படியாக ஹவுசிங்கின் முன்பக்கமாகக் கழன்று வரும். ஸ்பிரைட், மிட்ஜெட் உருப்படியும் அதே இடத்தில் உட்காரும். கிரவுனையும் பினியனையும் மட்டும் ஜோடி பிரித்து வாங்கிவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து உரசிப் பொருத்தியே வெளியே அனுப்புகிறார்கள். வேறு வீட்டுப் பினியனோடு சேர்த்தால் ஊளை இன்னும் கூடும்.

ரைலி 1.5 காரின் அச்சைப் போடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள். 1957-ல் வந்த அந்த வண்டி மைனரின் தரைத்தட்டின்மேல் கட்டியது. அதற்குள் இருந்த 1489 சிசி எஞ்சின், நம் அம்பாசடருக்குள் பல காலம் ஓடியதன் உடன்பிறப்பு. ஆனால் அதன் விகிதம் 3.73. மலைக்காரருக்கு மேலே சொன்ன பதில்தான் இதற்கும்.

ஸ்பீடோமீட்டருக்கு மிச்சமிருப்பது இவ்வளவு இடம்தான். அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து புறப்படுகிறது. பின்னால் பல் மாறியது அதற்குத் தெரியாது. 4.555-லிருந்து 4.222-க்கு மாறியவர் முள் 80 காட்டும்போது 86-ல் போய்க்கொண்டிருப்பார். கொழும்பு நண்பர்கள் பேச்சைக் கேட்டு 3.727 போட்டவர் கிட்டத்தட்ட 98-ல். முள்ளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது, ஸ்மித்ஸ் மீட்டரின் முகத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண் எதற்கு என்பது அடுத்த வாரம். அதுவரை ஹட்டன் அன்பர் இறக்கத்தில் முள்ளை நம்பாமல் இருக்கட்டும்.

(தொடரும்)