சாவு காத்திருந்த சீமைக்கு இருமுறை

தப்பிக்க வழியிருந்தும் மறவர் சீமைக்கே திரும்பி வந்து தலை கொடுத்தார் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த அருளானந்தர்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் இடுக்கி மலைப்பாதைகள் வழியாகவும் வணிகர்கள் பொதிமாடுகளுடன் போய்வந்த காலத்தில், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வேறு சிலரும் மலை தாண்டி வந்தார்கள்: இயேசு சபைத் துறவிகள். இன்றைய திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பழக்காடு அவர்களது முக்கியத் தளங்களில் ஒன்று. ப்ரோயென்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதி 1679இல் அச்சானது அங்கேதான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1674இல், அந்த ஊரிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வந்தார் 27 வயது பாதிரியார் ஜான் டி பிரிட்டோ.

1647இல் லிஸ்பனில் பிறந்த பிரிட்டோ, உயர்குடிப் பிள்ளை. அரண்மனையில் இளவரசர் பெட்ரோவின் தோழனாக வளர்ந்தவர். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் ராபர்ட் டி நொபிலி போட்டுக் கொடுத்த பாதையில் நடந்தார்: காவி உடை, மரக்கறி உணவு, தமிழ்ப் பேச்சு. எல்லாச் சாதியினரையும் அணுக வசதியாகப் பண்டாரசுவாமி கோலம். ஜான் என்ற பெயர் தமிழில் அருளானந்தர் ஆயிற்று.

1686இல் மறவர் சீமைக்குள் நுழைந்தார். பிடிபட்டு, துணைவர்களோடு சித்திரவதைக்கு ஆளானார். ஆனால் சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து விடுவித்தார். ஒரே நிபந்தனை: இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது.

அடுத்த வாய்ப்பு ஐரோப்பாவில் வந்தது. சபை அலுவலாக 1687இல் புறப்பட்டு லிஸ்பன் சென்றவரை, அப்போது மன்னராகியிருந்த பழைய தோழர் பெட்ரோ தம் பக்கத்திலேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தர் இணங்கவில்லை. 1690இல் கோவாவுக்குக் கப்பலேறி வந்தார்; தடைவிதிக்கப்பட்டிருந்த அதே மறவர் சீமைக்குள் மீண்டும் புகுந்தார்.

அவர் உயிரைப் பறித்த வழக்கு, இறையியல் தர்க்கத்தில் பிறந்ததல்ல. ஒரு குடும்பத்தில் பிறந்தது. சேது நாட்டு அரச மரபைச் சேர்ந்த தடியத் தேவர் நோயுற்றுக் குணமான பின் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6இல் ஞானஸ்நானம் நடந்தது. ஆனால் அந்தச் சம்மதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் விலக்கப்பட்ட மனைவியர். அவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனையில் முறையிட்டார்.

சேதுபதிக்கு இது மத விவகாரம் மட்டுமல்ல. தன் குடும்பத்துப் பெண்ணுக்கு அவமானம். தன் ஆணைக்கு மீறல். தன் வம்சத்திலேயே ஒருவர் வேற்று மதத்துக்குப் போன அதிர்ச்சி. மதுரை நாயக்கர் ஆதிக்கத்திலிருந்து விலகித் தனி அரசை வலுப்படுத்திக்கொண்டிருந்த மன்னருக்கு இவை சிறிய விஷயங்களல்ல. ஏரோது மன்னனின் திருமணத்தைக் கண்டித்துத் தலையிழந்த அருளப்பரின் கதையைப் பைபிளில் படித்தவர்களுக்கு, அதே பெயர் தாங்கிய இந்தத் துறவியின் முடிவு நினைவுக்கு வராமல் போகாது.

ஜனவரி 8இல் கைது. ராமநாதபுரத்தில் விசாரணை. நாடு கடத்துவதாக வெளியே சொல்லப்பட்டது. மன்னரின் சகோதரர் பொறுப்பிலிருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே காத்திருந்தது மரண தண்டனை. மை கிடைக்காத சிறையில், கரியை நீரில் கரைத்துச் சக துறவிகளுக்குக் கடைசிக் கடிதங்களை எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று, பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 46 நிறையவில்லை.

1853இல் அருளாளர் பட்டம், 1947இல் புனிதர் பட்டம் என ரோம் அவரைக் கௌரவித்தது. ஓரியூர் மக்களுக்கு அந்த அறிவிப்புகள் தேவைப்படவில்லை. அங்குள்ள சிவந்த மண் அவரது ரத்தம் தோய்ந்தது என்பது அவர்களது நம்பிக்கை. நோய் தீரவும் பிள்ளை வரம் வேண்டியும் அந்த மண்ணை எடுத்துப் போகிறவர்களில் இந்துக்களும் உண்டு. எந்தச் சீமையில் கால் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தடை போடப்பட்டதோ, அந்தச் சீமையின் மக்களே இன்று அவரைத் தங்கள் ஊர்ப் புனிதராக வைத்திருக்கிறார்கள்.