ரெஸ்ட் எடுத்தும் முட்டி வலி ஏன் போகல?

உங்க வாய்ஸ் மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, ஓடினா முட்டி வலிக்குது, நிறுத்திடவா?" நானும் அதே கேஸ்தான், அதனால என் கதையையே சொல்றேன்.

ஜனவரியில் 21 கி.மீ. ஓடணும்னு ஆசை. வாரம் 15 கி.மீ. ஓடிக்கிட்டு இருந்தவன், ஒரே மாசத்தில் 35 ஆக்கிட்டேன். ஒருநாள் பெசன்ட் நகர் பீச் ரோட்டில் முட்டிச்சில்லைச் சுற்றி மந்தமா ஒரு வலி. படி இறங்கும்போது அதிகம். தியேட்டரில் மூணு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் வரும்.

ஸ்ப்ரே அடிச்சேன், நீ கேப் போட்டேன், மூணு வாரம் ஓடவே இல்லை. வலி போச்சு. திரும்ப ஓடின முதல் நாளே மூணாவது கிலோமீட்டரில் வந்துடுச்சு. பக்கைத் தொடாம சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணின கதை.

பிசியோ என்னை ஒரு படியில் ஒத்தைக் காலில் நிக்கவெச்சு மெதுவா இறங்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தா முட்டி உள்பக்கமா சாயுது. "முட்டி பாவம்ப்பா, இடுப்பும் தொடையும் வேலை செய்யல" என்றார். ரன்னர்ஸ் நீ என்பது இதுதான். மூட்டு தேய்ஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்லை. முட்டிச்சில்லு மேல விழுற சுமை, அது தாங்கப் பழகினதைவிட வேகமா கூடிடுச்சு. சும்மா படுத்திருந்தா சுமை குறையும், ஆனா தாங்குற சக்தியும் கூடவே குறையும். ரெஸ்ட் மட்டும் போதாததுக்குக் காரணம் அதுதான்.

அதனால ஓட்டத்தை நிறுத்தல, குறைச்சோம். வலி 10-க்கு 3-ஐத் தாண்டக்கூடாது, மறுநாள் காலையில் அடங்கியிருக்கணும். அடங்கலைன்னா அடுத்த ஓட்டம் இன்னும் சின்னது. வாரம் மூணு நாள் ஸ்குவாட், பிரிட்ஜ், ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்குறது, அப்புறம் அதே படி இறங்குறது. செம போர். கூடவே நிமிஷத்துக்கு 160 ஸ்டெப் வெச்சவன் அதை 170 ஆக்கினேன். அதே வேகம், சின்ன எட்டு. முட்டிக்கு அடி குறையும். எல்லாரும் சொல்ற 180-ஐப் பிடிச்சுத் தொங்க வேண்டாம், உங்க நம்பரிலிருந்து 5 முதல் 10 சதவீதம் கூட்டினா போதும்.

முட்டி வீங்கினா, லாக் ஆனா, நடக்கும்போது மடங்கிக்கிட்டா இதெல்லாம் ட்ரை பண்ணாதீங்க, நேரா எலும்பு டாக்டர்.

ஜனவரி 21 கி.மீ. போச்சு, 10-க்கு மாத்திக்கிட்டேன். வருத்தம்தான். மூணாவது மாசம் ஒருநாள் ஆபீஸ் படியில் பாதி இறங்கின பிறகுதான் உறைச்சது, வலியே இல்லைன்னு.