நெய்வேலியில் ராத்திரி பகலாக ஓடும் பம்புகள்! இறங்குகிறது கிணற்று மட்டம், அல்லாடுகிறான் விவசாயி

வீட்டில் சுவிட்சைத் தட்டுகிறோம். லைட் எரிகிறது. அந்தக் கரண்டில் ஒரு பங்கு, கடலூர் மாவட்டம் நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் இருந்து வருகிறது. அதற்காக அங்கே பூமிக்குள்ளிருந்து ஓயாமல் தண்ணீர் இறைக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேண்டியது நிலக்கரி. இறைப்பது தண்ணீர். ஏன்?

மோட்டார் இல்லாமல் பொங்கிய ஊற்று

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956-ல் அரசு நிறுவனம் அமைந்தது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் பிறந்தது.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் போர் போட்டால் பல இடங்களில் மோட்டாரே வேண்டாம். தண்ணீர் தானாகப் பொங்கி வழியும்!

அடியில் இருக்கும் பூதம்

நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணல் அடுக்கு. அதில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது ஊற்றுநீர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிறது. கார் டயருக்கு அடிக்கும் காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு!

மேலே இருக்கும் மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அதை அமுக்க ஆள் ஏது? அடித்தரை வெடித்து சுரங்கமே முழுகிவிடும். அதனால் சுற்றிலும் போர் போட்டு தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். பம்பு நின்றால் சுரங்கமும் நின்றது!

ஒரே இளநீர், இரண்டு ஸ்ட்ரா

இறைக்கும் தண்ணீர் எல்லாம் வீணாகவில்லை. அனல் மின் நிலையத்துக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் போகிறது. சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்கும் பாய்கிறது. வீராணம் ஏரி வறண்ட வருஷங்களில் நெய்வேலி வட்டாரத்து போர் தண்ணீர் சென்னைக்கே வந்தது. நாமும் குடித்திருக்கிறோம்!

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா?

ஒரே இளநீரில் இரண்டு பேர் ஸ்ட்ரா போட்டால், நீளமான ஸ்ட்ரா வைத்திருப்பவன் குடிப்பான். மற்றவனுக்குக் காத்துதான் வரும். பூமிக்கு அடியிலும் அதே கதை. ஒரு இடத்தில் விடாமல் இறைத்தால் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் புனல் மாதிரி சரியும். சுரங்கம் நகர நகர அந்தச் சரிவும் கூடவே நகரும்.

சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் விவசாயிகளும் போர் போட்டு இறைக்கிறார்கள். ஆனால் சுரங்கத்துக்கு லீவு கிடையாது. மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும் அது இறைத்தே ஆகணும்.

கரண்ட் இலவசம், கடன் இலவசமா?

தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுக்கு கரண்ட் இலவசம். ஆனால் போரை இன்னும் ஆழமாக்க லாரிக்காரன் அடிக்கு இவ்வளவு என்று பணம் கேட்பான். குழாய், பெரிய மோட்டார் எல்லாம் கைக்காசு. வசதி உள்ளவன் ஆழம் போவான். ரெண்டு ஏக்கர்காரன் நகையை அடகு வைப்பான். இல்லாவிட்டால் பயிரை விடுவான்.

கடலும் தூரமில்லை. நன்னீர் மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் கரையோரத்தில் உப்புநீர் உள்ளே வரும். வந்த உப்பை விரட்டுவது லேசான காரியமல்ல.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. மாதா மாதம் எவ்வளவு இறைத்தார்கள், எந்த ஊரில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் எழுதிப் போடட்டும். மட்டம் இறங்கிய ஊரில் போர் ஆழமாக்கும் செலவை, இறைத்தவர்கள் பங்கு போட்டுக் கொடுக்கட்டும்.

கரிக்கு ராயல்டி உண்டு. நிலத்துக்கு நஷ்ட ஈடு உண்டு. கிணற்றுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?