பாஸ்வேர்ட் யார் கைக்குப் போகிறது?

டீயைக் குடி தம்பி, நிதானமாகப் பார்ப்போம். தொலைவிலுள்ள சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும்போது, நீ அடிக்கும் பாஸ்வேர்ட் உன் கணினியிலேயே ஹேஷ் ஆகி, அதாவது திரும்பப் பிரிக்க முடியாத குறியாக மாறித்தான் கிளம்புகிறது என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை. வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். மறுமுனையில் சர்வர் அதைப் பிரித்து, நீ அடித்தது அடித்தபடி படிக்கிறது.

எஸ்.எஸ்.எச். பிறந்ததே பாஸ்வேர்ட் திருட்டால்தான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டு இலோனென் இதை எழுதினார். வழியில் ஒட்டுக்கேட்பவனை அது நிறுத்தியது.

சர்வர் என்ன செய்கிறது? லினக்ஸில் ஷேடோ என்ற கோப்பில் உன் பெயருக்கு நேரே எந்த ஹேஷ் முறை, எந்த சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் எழுத்துகள்), என்ன விடை என்று இருக்கும். வந்த பாஸ்வேர்டோடு அதே சால்ட்டைச் சேர்த்துக் கணக்கிட்டு, விடை ஒத்துவந்தால் உள்ளே விடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இல்லாத பெயரைக் கொடுத்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற எஸ்.எஸ்.எச். நிரல் உடனே கையை விரிப்பதில்லை. ஒரு பொய்ப் பாஸ்வேர்டைத் தானே தயாரித்து, பாம் என்கிற சரிபார்ப்பு அடுக்கிடம் கொடுத்து, வழக்கமான சோதனையை நடத்திவிட்டுத்தான் மறுக்கிறது. பதில் வரும் நேரத்தை வைத்து எந்தப் பெயர் நிஜம் என்று எவனும் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

ஆனால் இத்தனை கவனமும் சர்வர் நம்முடையதாக இருக்கும்வரைதான். 25,000-க்கும் மேற்பட்ட சர்வர்கள் ஒரே கும்பலிடம் சிக்கியிருந்ததை 2014-இல் ஈசெட் நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அந்தக் கும்பலின் எபரி என்ற நிரல் எஸ்.எஸ்.எச்.சுக்குள்ளேயே உட்கார்ந்து, நுழைகிறவர்களின் பாஸ்வேர்டைப் பிடித்தது. ஹேஷ் ஆவதற்கு முந்தைய அந்த ஒரு கணம் அதற்குப் போதும்.

சர்வரே போலியாகவும் இருக்கலாம். முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகை என்ற அடையாள எழுத்துவரிசையைக் காட்டி 'யெஸ்' கேட்கிறதே, அங்கே அவசரப்படாதே. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனில் கேட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடு. போலி சர்வருக்கு 'யெஸ்' சொல்லிவிட்டால் அடுத்து அடிக்கும் பாஸ்வேர்ட் அதை நடத்துகிறவனுக்குத்தான்.

என்னைக் கேட்டால் பாஸ்வேர்டை விட்டு எஸ்.எஸ்.எச். சாவிக்கு மாறிவிடு. ரகசியச் சாவி உன் கணினியை விட்டு நகராது. அந்த இணைப்புக்கென்று போட்ட கையெழுத்து மட்டுமே போகும், வேறு இணைப்பில் அது செல்லாது. பிறகு சர்வர் அமைப்பில் பாஸ்வேர்ட் நுழைவை 'நோ' ஆக்கு. விசைப்பலகை வழிக் கேள்வி-பதில் நுழைவையும் சேர்த்து மூடு. இல்லாவிட்டால் பாம் அந்த வழியாகப் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். மாற்றும்போது சர்வரோடு ஏற்கெனவே இணைந்து திறந்திருக்கும் ஜன்னலை மூடிவிடாதே. இன்னொரு ஜன்னலில் சாவியால் உள்ளே போய்ப் பார்த்தபிறகு மூடு.