பெயருக்குள் மறைந்திருக்கும் பெனிசிலின்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களுக்கு வடக்கே, முழங்காலளவு நீரில் இறங்கித் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது என் மாமாவின் இடது பாதத்தில் திருக்கை முள் ஏறியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது. 2013இல் திறந்து வைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயை மணல் மூடியதும், வடபுறத்துத் தென்னைகளைக் கடல் விழுங்கியதும் நாடறிந்த கதை. அதனை எழுதப் பலர் உளர். நான் எழுத முற்பட்டது அந்த முள்ளின் கதையை.

ஐம்பது ஆண்டுகளாகக் கடலோடு பழகியவருக்கு முள் ஏறுவது புதுமையன்று. சூடான நீரில் பாதத்தை அமிழ்த்தி வலியை ஆற்றினார்; அது தகுந்த முதலுதவியே. ஆயின், பத்தாண்டுகளாக அவருடலில் சீனி வியாதியும் குடியிருந்தது. நான்காம் நாள் பாதம் வீங்கிச் செம்மை படர்ந்தது; ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. அப்போதும் அவர் வைத்தியசாலைக்கு வர மறுத்தார்.

"ஊசியைப் போட்டுக் கொல்லுறாங்களாம் மகன், பேப்பர்ல பார்க்கலியா?" என்றார்.

அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட இயலவில்லை. அதற்கு முந்திய மாதந்தான் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், செப்ட்ரையாக்சோன் என்னும் நுண்ணுயிர்கொல்லி ஊசி ஏற்றப்பட்டபின் இளம்பெண் ஒருவர் உயிர் நீத்தார். நாடெங்கும் அச்செய்தி பேசப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்திருந்த மக்கள், வந்து சேரும் மருந்தையும் ஐயத்தோடு நோக்கத் தொடங்கியிருந்தனர். அந்த ஐயத்துக்கு ஆதாரமே இல்லையென்று சொல்லவும் முடியாது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில், சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். மருந்தின் தரத்தைக் காப்பது அரசின் கடமை. நோயாளி தன் கண்ணால் பார்த்து அறியக்கூடியது அன்று. ஆனால் நோயாளியின் கைக்கு எட்டுகின்ற பாதுகாப்பும் ஒன்றுண்டு. அதனை நான் கற்றது மாமாவின் கட்டிலருகில்.

ஒருவாறு அவரை எங்கள் பகுதி வைத்தியசாலை ஒன்றில் சேர்த்தோம். வைத்தியர் புண்ணைக் கழுவி, அதன் ஆழத்திலிருந்து சிறிது எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். முதல் ஊசி ஏறுமுன் இதனைச் செய்வது நன்று. மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி அகப்படாமற் போகலாம். "வயல் வேலையும் உண்டா?" என்றும் கேட்டார். அக்கேள்வியின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. சேற்றிலும் ஈர மண்ணிலும் வாழும் ஒரு பற்றீரியாவினால் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் உண்டாகின்றது. இலங்கையில் 1927ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது, கிழக்கிலும் காணப்படுகின்றது, நீரிழிவு உள்ளவரை எளிதில் பற்றும். வழக்கமாக ஏற்றும் ஊசிகள் பல அதனிடம் தோற்றுவிடும்; செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். நெல்விளையும் நாட்டில் அது கேட்கத்தக்க கேள்வியே.

மருந்துச் சீட்டில் எழுதப்பட்டது கோ-அமொக்சிக்கிளாவ் 1.2 கிராம், எட்டு மணிக்கு ஒருமுறை, நாளத்தினூடாக. தாதி வந்து, "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருக்கா?" என்று வினவினார். மாமா, "ஒண்டும் இல்ல" என்றார். கேள்விகள் விரைவில் முடிய வேண்டும் என்பதே அவர் விருப்பம். தாதியும் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தார். அவ்வேளையில், வாயிற்படி அருகே தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்த என் உம்மா தலை நிமிர்ந்தார்.

"மகள், இது பெனிசிலின் இல்லியே? தம்பிக்கு அது கூடாது."

தாதியின் கை நின்றது.

அந்த மருந்தின் உள்ளே பெனிசிலின்தான் இருந்தது. இதற்குச் சற்றே பழைய வரலாறு கூறவேண்டும். பெனிசிலினை 1928இல் பிளெமிங் கண்டார். பின்னர் புளோரியும் செயினும் ஒக்ஸ்போர்டில் அதனை மருந்தாக்கினர். அது பற்றீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுத்து அழிப்பது. ஆயின், பெனிசிலினை வெட்டிச் சிதைக்கும் நொதியம் ஒன்று சில பற்றீரியாக்களிடம் இருப்பதை ஏபிரகாமும் செயினும் 1940லேயே அறிவித்துவிட்டனர். நோயாளி ஒருவருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது 1941இல்! ஆயுதம் களம் காணுமுன்னே அதற்கு எதிராயுதம் தெரிந்திருந்தது. அந்நொதியமுடைய கிருமிகள் நாளடைவில் பெருகின. 1970களில் இங்கிலாந்தின் பீச்சம் ஆய்வுகூடத்தார், மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிளவுலானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். தனித்து நின்றால் அது பெரிதாக எதனையும் கொல்லாது. ஆனால் அந்த நொதியத்தைப் பற்றிக்கொண்டு, தன்னையும் கெடுத்து, அதனையும் செயலிழக்கச் செய்துவிடும். அமொக்சிசிலினோடு இதனைச் சேர்த்த கூட்டு மருந்து 1981இல் விற்பனைக்கு வந்தது. பிப்பரசிலினோடு டாசோபாக்டம், அம்பிசிலினோடு சல்பாக்டம் என்பன அதே குடும்பத்தின் பிற இணைகள்.

மாமாவுக்கு இதனை வலையைக் கொண்டு விளக்கினேன். பேத்தை மீன் வலையைக் கடித்து அறுத்துவிடும். அதன் வாயில் வேறொன்றைத் திணித்துப் பற்களைக் கட்டிவிட்டால் வலை தப்பும். "அப்ப மீனைப் புடிக்கிறது வலைதானே?" என்று கேட்டார். ஆம், வலைதான், பெனிசிலின் இனந்தான். என் பத்தாம் வகுப்பு மாணவரிலும் அவர் விரைந்து விளங்கிக்கொண்டார்.

இடர் பெயரில் இருக்கின்றது. 'கோ-அமொக்சிக்கிளாவ்' என்னும் பெயரில் 'சிலின்' என்ற வாலும் அறுந்துபோயிற்று. ஓக்மென்டின், டாசோசின் என்ற வர்த்தகப் பெயர்களைக் கேட்பவர் எவர் பெனிசிலினை நினைப்பர்? "பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லத் தெரிந்தவர்கூட இப்பெயர்களின் முன் வாளாவிருந்துவிடக் கூடும். பெயரறியாத நோயாளி கேட்கவேண்டியது எளிய ஒரு வினா: "இதில் பெனிசிலின் சேர்ந்திருக்கிறதா?" உம்மா கேட்டது அதுவே. அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர்.

வைத்தியர் வந்து உம்மாவிடம் அமர்ந்து விசாரித்தார். மாமாவுக்குப் பதினொரு வயது, 1968ஆம் ஆண்டு, மூட்டுக்கள் வீங்கிய காய்ச்சலுக்காக மாதந்தோறும் பெனிசிலின் ஊசி. மூன்றாம் ஊசி போட்டு வெற்றிலை மென்று முடிக்கும் நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு எழுந்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. மாமாவுக்கு அது நினைவில் இல்லை. அன்று அவரைத் தோளில் தூக்கி நின்றவர் உம்மா.

"இதுதான் எனக்கு வேண்டிய விவரம்" என்றார் வைத்தியர். எந்த மருந்து, எத்தனை நேரத்தில், என்ன நேர்ந்தது என்பனவே முக்கியம். ஊசிக்குப் பின் வயிறு இளகியதையும் தலை சுற்றியதையும் ஒவ்வாமை என எழுதி வைத்துக்கொள்வோர் பலர். பெனிசிலின் ஒவ்வாது என்று சொல்வோரை முறைப்படி சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கின்றது. அவர்கள் நல்லதொரு மருந்தை வீணே இழந்து, வலிமை மிக்க வேறு மருந்துகளுக்கு ஆளாகின்றனர். மாமாவுக்கும் ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அவ்வொவ்வாமை நீங்கியிருக்கக்கூடும். ஆனால் காய்ச்சலோடு வந்த இரவு அதனைப் பரீட்சிக்கும் நேரமன்று. தோலின் கீழ் சிறிது ஏற்றிப் பார்த்துவிட்டு முழு ஊசியும் போடலாமே என்று நான் கேட்டேன். அத்தகைய அவசரப் பரீட்சை நல்ல உறுதி தராது என்றும், அந்தச் சிறிதே கேடு விளைக்கக்கூடும் என்றும் விடை வந்தது. சிப்ரோபுளொக்சசினும் கிளிண்டமைசினும் அவருக்கு எழுதப்பட்டன.

மாமா தங்கியிருந்த நாட்களில், அடுத்த கட்டிலில் இருந்தவருக்குக் கோ-அமொக்சிக்கிளாவ் ஏறுவதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் புத்தி, விசாரியாமல் இருக்க முடிவதில்லை. புட்டியில் உள்ளது தூள். ஊசிநீர் 20 மில்லிலீற்றரில் கரைத்து, 20 நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். காலையில் கரைத்து மாலைக்கு வைக்கலாகாது. மூன்று நான்கு நிமிடம் எடுத்து மெல்ல நாளத்துள் செலுத்துவர்; தசையில் போடுவதில்லை. குளுக்கோஸ் நீரோடு கலப்பதில்லை. பிப்பரசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராமென்றால் அரைமணி நேரமாவது துளித்துளியாக ஏற வேண்டும். ஜென்டாமைசினை அதே குழலில் கலந்தால் அதன் வலிமை கெடும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டையும் கையோடு கொண்டு செல்வது பயன் தரும்.

முதல் ஊசியின்போது அந்தத் தாதி சிறிது நேரம் கட்டிலை விட்டு அகலவில்லை. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தலைகாட்டும். அப்போது முதலில் வேண்டியது அட்ரினலின், வளர்ந்தோர்க்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். அரிப்பு மருந்து அதற்கு ஈடாகாது. நுண்ணுயிர்கொல்லி ஊசி போடப்படும் எந்த இடத்திலும் அச்சிறு குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். ஊசி போட்ட கையோடு மோட்டார் சைக்கிளில் ஏறி வீடு திரும்பும் எங்களூர் வழக்கத்தை நினைத்து அன்று எனக்கு உடல் சிலிர்த்தது. சாதாரணத் தடிமலுக்கும் "ஒரு ஊசி போடுங்க டொக்டர்" என்று வற்புறுத்துவோர் நம்மிடையே எத்தனை பேர்! தடிமல் வைரஸினால் வருவது. இம்மருந்துகள் அதனைத் தீண்டா. மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுக்களே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிட்டுள்ளனர்.

மூன்றாம் நாள் மாமாவின் காய்ச்சல் இறங்கியது. வளர்ப்புச் சோதனையின் முடிவும் வந்தது. அஞ்சிய மெலியோய்டோசிஸ் இல்லை. ஊசியை நிறுத்தி அதே மருந்துகளை மாத்திரையாகத் தந்தனர். "ஊசியை நிப்பாட்டினா சுகம் வருமா?" என்று இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தார் மாமா! வாயால் உண்ணவும் குடலால் ஏற்கவும் முடிந்தால் நாளத்தில் குழாயை வைத்திருப்பது வீண். அக்குழாயே புதிய தொற்றுக்கு வழியாகலாம். இரண்டு விரல்களை இழப்பாரோ என்று அஞ்சியிருந்தோம். ஒன்றையும் இழக்கவில்லை.

அவரது கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் வைத்தியர் சிவப்பு மையினால் 'பெனிசிலின் ஒவ்வாமை, 1968, உடனடி, மூச்சுத் திணறல்' என்று எழுதிக் கீழே கோடிட்டார். கோ-அமொக்சிக்கிளாவ், பிப்பரசிலின்-டாசோபாக்டம் முதலிய பெயர்களையும் அடுத்த வரியில் எழுதினார். அதனை நீர் புகாத பையிலிட்டுத் தோணிப் பெட்டியில் வைத்திருக்கின்றார் மாமா.

வீடு திரும்பிய மாலை உம்மாவிடம் ஒரு கொப்பியோடு அமர்ந்தேன். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. வீட்டில் யார் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். ராத்தாவின் மகனுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, சின்ன மாமிக்குப் பல் பிடுங்கியபோது ஒரு ஊசி, எனக்கே நான்கு வயதில் ஏதோ ஒரு பாணி மருந்து என்று சொல்லிக்கொண்டே போனார். என்னுடையது எந்த மருந்து என்று நினைவு கூர அவர் கண்ணை மூடியபோது மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். மீதியை நாளைக்கு எழுதலாம் என்று எழுந்து போனார்.