ரோசா பஸ் புறப்படுமுன்

தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்துக் குடும்பம் மூன்று நாள் சுற்றுலா போக நினைத்தால், நுழைவுச் சீட்டின் விலையைக் கேட்பதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதியும் செக்ரோல்தான் கண்முன் வரும். அதில் விழும் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம். சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டுத் திங்கள் இரவு வீடு சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு எப்படியும் பேர் விழாத நாள். சனியும் திங்களும் கைவிட்டுப் போகும். புருஷனும் பெண்சாதியும் தோட்டத்திலேயே வேலை செய்தால் மொத்தம் நாலு பேர் நட்டம்.

அதைக் காசாக்கிப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படியானால் நாலு பேருக்கு 5400 ரூபாய். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அந்தச் சம்பளத்தை 1750 ஆக்க முன்மொழிந்தது: அடிப்படை 1550, அதற்குமேல் அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200. அந்தக் கணக்கில் அதே மூன்று நாள் பயணத்துக்கு 7000 ரூபாய் போகும். வண்டிச் சில்லு உருளுமுன்பே போகும் பணம் இது. சம்பளம் ஏற ஏற, வேலைக்குப் போகாத நாளின் விலையும் ஏறுகிறது. எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் இந்த வரி இருக்காது.

இவ்வளவு விலை கொடுத்துப் போவதென்றால் எங்கே போவது? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது, பூங்காவோடு சேர்த்துத் தங்கு விடுதிகளையும் திறந்தார்கள். ஒருநாள் பார்த்துவிட்டு ஓடுகிற கூட்டத்தை நாலைந்து நாள் அங்கேயே வைத்திருப்பதுதான் யோசனை. இன்று அங்கே போகிற குடும்பங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே அறை, சாப்பாடு, எந்த விளையாட்டுக்கு எத்தனை மணிக்கு வரிசை என்று அட்டவணை போடுகின்றன. சப்ரகமுவத் தோட்டத்துக் குடும்பத்துக்கு அதற்கு நிகரான ஒன்று உண்டென்றால் அது கதிர்காமச் சுற்றுத்தான். கோயில், குளிக்க ஆறு, தங்க மடம், வழியில் யானை, திரும்பும்போது சிங்கம், பிள்ளைகளுக்குக் கடைத்தெரு, பெரியவர்களுக்கு நேர்த்திக்கடன் என்று எல்லாம் ஒரே வளையத்தில் அமைந்திருக்கின்றன. இதை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. ஆனால் திட்டமிட்டுப் போகாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

எப்போது போவது? இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் இழுபறிப் படுகின்றன. ஆடித் திருவிழாவுக்குப் போனால் காவடியும் பெரஹராவும் பார்க்கலாம். ஆனால் மடத்தில் பாய் விரிக்க இடம் கிடைக்காது, மாணிக்க கங்கையில் கால் நனைக்கவே முண்டியடிக்க வேண்டும். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையும் திருவிழாவை ஒட்டி வந்துவிட்டால் நெரிசல் இன்னும் கூடும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பேர் நட்டம் குறைவு. ஆனால் ஊரே வண்டி தேடுகிற நாட்கள் என்பதால் ஹயர் ஏறிவிடும். மே மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழை இரத்தினபுரியை எப்படிப் புரட்டும் என்பதை 2003 மே வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே சரிந்து கீழே வந்தது.

இறப்பர்த் தோட்டக்காரர்களுக்கு வேறொரு கணக்கு. வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வெட்டும் குறையும். மழையும் இல்லாத அந்தப் பெப்ரவரியில் பேர் நட்டத்தைப் பற்றிக் கவலைப்பட அவ்வளவாகத் தேவையில்லை. நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது என்பதுதான் அதிலுள்ள சங்கடம். கொழுந்து மலைக்காரர்களுக்கோ காசு வருகிற மாதத்தில் நேரம் இருக்காது. இரண்டு வகைக் குடும்பமும் ஒரே வண்டியில் போவதென்றால், யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விட்டுக்கொடுக்காமல் சமாளிக்க ஒரு வழி, சீட்டு. ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு தொகை போட்டு வைத்தால், பால் குறைந்த மாதத்திலும் பயணம் நிற்காது. தீபாவளி அட்வான்ஸை நம்பி மார்கழியில் பயணம் வைப்பவர்கள், தையில் அது பிடிபடும்போது முழிப்பார்கள். அட்வான்ஸ் துணிமணிக்குப் போகட்டும். பயணத்துக்குச் சீட்டே மேல்.

வண்டியைப் பொறுத்தவரை ஆட்களை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். பதின்மூன்று பதினாலு பேர் என்றால் வேன். அதற்கு மேல் போனால் ரோசா பஸ். பெரிய வண்டி எடுத்தால் தலைக்கு விழும் பங்கு குறையும் என்று இருபத்தைந்து பேரைச் சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இருபத்தைந்து பேர் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறுவதற்கே அரைமணி நேரம் போகும். ஹயர் பேசும்போது கிலோமீட்டருக்கா, நாளுக்கா என்பதையும், சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். சாரதியை வண்டி சீட்டிலேயே தூங்க வைத்துவிட்டு மறுநாள் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது, பிள்ளைகளை ஏற்றிய வண்டியில் செய்யக்கூடாத சிக்கனம்.

கோச்சியில் போகலாமே என்று கேட்க வழியில்லை. களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. தேயிலையும் இறப்பரும் ஏற்றத்தான் அந்தப் பாதை போட்டார்கள், 1976இல் மூடினார்கள். இப்போது கோச்சி அவிசாவளையோடு நின்றுவிடுகிறது.

அடையாள அட்டையைப் பற்றி இளசுகளுக்கு அக்கறை குறைவு. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்மீது நடந்த வன்முறையையும், பிறகு 1983 இனக்கலவரத்தையும், சோதனைச் சாவடிக் காலத்தையும் கண்ட தாத்தாமார் அது சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டே ஏறுவார்கள். பழக்கம் நல்லதுதான். உள்ளூர்க்காரர் விலைக்கும் வெளிநாட்டார் விலைக்கும் பெரும் வித்தியாசம் உள்ள இடங்களுக்குத்தான் போகப் போகிறோம்.

இனிப் பாதை. இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, அங்கே வலப்பக்கம் திரும்பிக் காவத்தை, கொடக்கவெல வழியாக இறங்கினால் மலை மெதுவாகக் கையைவிடும். திம்போல்கெட்டிய சந்தியில் உடவளவைப் பக்கம் திரும்ப வேண்டும். நேரே கதிர்காமம் போய்விடலாம் என்று அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் பயணத்தின் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லம் உடவளவையில் இருக்கிறது. தாயை இழந்த, பள்ளத்தில் விழுந்த, கூட்டத்தைத் தவறவிட்ட குட்டிகளை இங்கே வளர்க்கிறார்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடுக்கிறார்கள். குழாய் வழியாகப் பால் இறங்கும்போது குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கப் பார்வையாளர்களுக்கு மேடை உண்டு. பால் கொடுக்காத நேரத்தில் போனால் வெறும் வெளியைத்தான் பார்க்கலாம். ஆகவே அன்றைய நேரங்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப லயத்தில் வண்டி எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

ஐந்து வயதளவில் இந்தக் குட்டிகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படிக் காடு திரும்பியிருக்கின்றன. கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் நடப்பது வேறு. 1975இல் தொடங்கிய அந்த யானை அனாதை இல்லத்தில் யானைகள் நிரந்தரமாகவே இருக்கின்றன; அங்கேயே குட்டி போடுகின்றன. 2021 ஓகஸ்ட் 31இல் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றது நாடெங்கும் செய்தியானது. காலை பத்து மணியளவிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும் யானைகள் கூட்டமாகத் தெருவைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும் காட்சிக்கு ஈடில்லை. எது மேல் என்று கேட்டால், பிள்ளைகளுக்குப் பின்னவலை, பெரியவர்களுக்கு உடவளவை. இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்க முயல்வது வீண் அலைச்சல். ஒன்று வடக்கு, மற்றது தென்கிழக்கு.

உடவளவையில் காசில்லாமலும் யானை பார்க்கலாம். நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீதியில் மின்வேலிக்கு அந்தப் பக்கம் காட்டு யானைகள் வந்து நிற்கும். பழமும் கரும்பும் வீசியே அவற்றைப் பிச்சைக்குப் பழக்கிவிட்டார்கள். தீனி கொடுப்பதற்குத் தடை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. வண்டிக்குள்ளிருந்தே பார்த்துவிட்டுப் போவதுதான் முறை.

தணமல்வில, திஸ்ஸ வழியாகக் கதிர்காமத்தை மாலைப் பூசைக்கு முன் எட்டிவிட்டால் முதல் நாள் வெற்றி. இரவுக்கு மடமா, விடுதியா என்பதில் குடும்பங்களுக்குள் சண்டை வருவதுண்டு. அப்பாயிக்கு முழங்கால் வலி இருந்தால் விடுதியில் ஒரு அறையாவது எடுப்பது நல்லது. மற்றவர்களுக்கு மடம் போதும். இரண்டாம் நாளை முழுக்கக் கதிர்காமத்துக்கே விட வேண்டும். விடியற்காலையில் கதிரமலை ஏறிவிட்டால் வெயிலுக்கு முன் இறங்கலாம். வயதானவர்கள் கிரிவிகாரைப் பக்கம் ஆறுதலாக நடக்கலாம். மத்தியானம் மாணிக்க கங்கையில் பிள்ளைகளை விட்டால், அவர்களுக்கு அதைவிடப் பெரிய நீர்ப் பூங்கா வேண்டியதில்லை. எந்த அட்டவணையும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பிள்ளைகள் பிறகு பேசுவார்கள்.

நீர்ப் பூங்கா என்றதும், நிஜ நீர்ப் பூங்கா ஒன்றையும் இதில் சேர்க்கலாமா என்று கேகாலைப் பக்கத்தவர்கள் எழுப்பும் கேள்விக்கு வரலாம். தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைத் தோட்டங்களுக்கு, அவிசாவளை தாண்டிக் கொஸ்கமப் பக்கத்திலிருக்கும் லெஷர் வேர்ல்ட் கைக்கெட்டிய தூரம். நிஜமான ராட்டினமும் சறுக்குக் குளமும் உள்ள இடம் அதுதான். அதைக் கதிர்காமச் சுற்றில் சேர்க்காமல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஒரு பேரும் போகாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்: நீர்ப் பூங்காக்களில் பொதுவாகப் பருத்தி உடையோடு குளத்தில் இறங்க விடுவதில்லை. நீச்சல் உடை வாடகைக்கு எடுப்பதென்றால் அதற்கும் காசு. நுழைவுச் சீட்டுக்கு மட்டும் பணம் கொண்டுபோன அம்மாமார் கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

பெண்கள் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயத்தை ஆண்கள் போடும் திட்டத்தில் காண்பதரிது: கழிப்பறை. 1955 ஜூலை 17இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்த நாளில், போலி அழைப்பிதழோடு ஆயிரக்கணக்கானோர் கூடுதலாக நுழைந்துவிட்டார்கள். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் முடிக்க முடியாத நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் செய்தது சரி. தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோகலாம். ஆகவே வண்டி நிற்குமிடங்களைச் சாரதியின் பிளேன்டிக் கடைக்கு ஏற்ப விடாமல், பெல்மதுளை, எம்பிலிபிட்டிய, திஸ்ஸ என்று பஸ் நிலையமோ எரிபொருள் நிலையமோ உள்ள ஊர்களாகக் குறிப்பது நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தம் வேண்டும் என்று பெண்கள் சொன்னால், அதை வைத்தே மற்ற நேரங்களைக் கணக்கிட வேண்டும்.

சாப்பாட்டில் தோட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. முதல் நாளுக்குப் புளிச்சோறும் ரொட்டியும், கெடாத சம்பலும். கதிர்காமத்தில் மரக்கறி மட்டும் என்பதால் மாசிச் சம்பலைத் தனியே கட்டித் திரும்பும் வழிக்கு வைப்பார்கள். மொழிச் சிக்கலும் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வளர்ந்த சப்ரகமுவப் பிள்ளைகள் திஸ்ஸவில் பேரம் பேசுவதைப் பார்த்தால் நுவரெலியா மாவட்டத்துச் சொந்தக்காரர்களுக்கே பொறாமை வரும்.

மூன்றாம் நாள் திரும்பும்போது வந்த வழியே வரக்கூடாது. அம்பாந்தோட்டை வழியாக வந்தால் ரிதியகம சஃபாரி பூங்கா. 2016இல் திறந்த இது சுமார் 500 ஏக்கர். இங்கே பார்க்க வந்தவர்கள் பஸ்ஸுக்குள் அடைபட்டிருக்க, சிங்கம் வெளியே திரியும். கதிர்காமத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரத்தோடு புறப்பட வேண்டும். உச்சி வெயில் ஏறிவிட்டால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும். மத்தியானத்துக்குள் அங்கிருந்து கிளம்பினால் நோனாகம, எம்பிலிபிட்டிய வழியாக இருட்டுமுன் பெல்மதுளை ஏறிவிடலாம். இறக்குவானை, காவத்தைக்காரர்கள் வழியிலேயே இறங்கிவிடுவார்கள். எஹலியகொடை தாண்டித் தெரணியகலை போகிறவர்களுக்குத்தான் கடைசி இரண்டு மணி நேரம் நீளும். அவர்களை முன்சீட்டில் வைக்காமல் பின்சீட்டில் படுக்க விட்டால், செவ்வாய்க் காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு எழும்ப முடியும்.